பித்தக்குழாய் நோய் லிம்போமாவாக மாறுமா?

மேலே ஒரு அண்ணை எழுதியதன் சாரம், பித்தக்குழாய் அழற்சி இருந்தால் அது நாளடைவில் குடல் லிம்போமாவாக, அதாவது குடலில் வரும் நிணநீர்க் கலப் புற்றுநோயாக, மாறிவிடும் என்பது. அதற்குள் நாலைந்து பேர் பகிர்ந்தும் விட்டார்கள். அண்ணை, அது அப்படியில்லை.

நீங்கள் சொல்லும் நோய், பித்தக்குழாய்கள் தழும்பேறிச் சுருங்கும் பிஎஸ்சி. அது இருப்பவர்களில் பெரும்பாலானோருக்குக் குடல் அழற்சியும் சேர்ந்தே இருக்கும், அவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோயும் பித்தக்குழாய்ப் புற்றுநோயும் வரும் ஆபத்து கூட என்பது உண்மைதான். ஆனால் அவை உட்சுவர்க் கலங்களில் தொடங்குபவை, லிம்போமா நிணநீர்க் கலங்களில் தொடங்குவது. எல்லாவற்றையும் 'குடல் கேன்சர்' என்று ஒரே சாக்கில் கட்டினால் இப்படித்தான் குழம்பும். லிம்போமாவோடு தொடர்பு என்று சொல்வதானால், குடல் அழற்சிக்குக் கொடுக்கும் அசதியோப்பிரின் என்ற மருந்து அந்த ஆபத்தைச் சற்றுக் கூட்டும் (அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்). சிலவேளை லிம்போமாவில் வீங்கிய நிணநீர்க் கணுக்கள் பித்தக்குழாயை அழுத்திச் செங்கமாரி வருவதும் உண்டு, அது வேறு கதை.

சரி, நான் சொல்வதையும் நம்ப வேண்டாம். ஐரோப்பிய ஈரல் ஆய்வுச் சங்கத்தின் 2022 வழிகாட்டி இணையத்தில் இலவசமாகவே கிடக்கிறது. பிஎஸ்சியோடு குடல் அழற்சியும் உள்ளவர்களுக்கு ஆண்டுதோறும் கொலனொஸ்கொப்பி (பெருங்குடலுக்குள் கமெராக் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்யச் சொல்வது பெருங்குடல் புற்றுநோயைக் கண்டுபிடிக்கத்தான். வீட்டில் யாருடையதாவது பயொப்சி (சதைத்துண்டுப் பரிசோதனை) றிப்போட் இருந்தால் எடுத்துப் பாருங்கள், அடினோகார்சினோமாவா (உட்சுவர்க் கலங்களில் தொடங்கும் புற்றுநோய்) லிம்போமாவா என்று அதில் தெளிவாக எழுதியிருக்கும், விளங்காவிட்டால் அடுத்த கிளினிக்கில் டொக்டரிடமே கேளுங்கள்.