பரதேசியும் எங்கள் லயமும்

பாலாவின் ‘பரதேசி’ (2013) படம், அதற்கு மூலமான ‘ரெட் டீ’ (தமிழில் ‘எரியும் பனிக்காடு’) நாவலைக் கெடுத்துவிட்டது என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை என்னால் முழுசாக ஏற்க முடியவில்லை. இலங்கை மலையகத்தில், டிக்கோயாப் பக்கம் லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்) பிறந்து வளர்ந்தவன் நான். பி.எச். டேனியல் 1969இல் எழுதிய அந்த நாவல் தமிழ்நாட்டு ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களைப் பற்றியது, ஆனால் நாள்கணக்காக நடந்தே மலையேறும் அந்தக் கூட்டத்தைப் பார்த்தபோது, மன்னாரில் இறங்கி மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்து வந்த எங்கள் பாட்டன் பூட்டன்மார்தான் கண்ணுக்குள் வந்தார்கள், வழியில் விழுந்தவனை விட்டுவிட்டு நடக்கிற இடத்தில் அம்மா எழுந்து வெளியே போய்விட்டார். உழைத்த காசெல்லாம் கடனுக்கே சரியாகிப் போனது என்று கங்காணி (ஆள் பிடித்து வந்து வேலை வாங்குபவன்) கணக்குச் சொல்லும் காட்சி! துண்டுக் கடனில், அதாவது துண்டுச் சீட்டில் எழுதிவைத்த கடனில், எங்கள் ஆட்கள் கட்டுண்டு கிடந்ததும் இப்படித்தான். செழியனின் கேமரா பச்சையை அழகாகக் காட்டி ஏமாற்றவில்லை, அதற்கே ஒரு கும்பிடு.

சரி, டாக்டர் விசயத்தில் எனக்கும் கோபம் உண்டு. டேனியலே தோட்டத்து டாக்டராக இருந்தவர், தொழிலாளருக்குச் சங்கம் கட்டியவர். நாவலில் வரும் டாக்டர் ஆபிரகாம் நோயோடும் நிர்வாகத்தோடும் மல்லுக்கு நிற்கிறார். படத்திலோ மதம் மாற்ற வந்து ஆடிப்பாடும் ஒருவர். ஆட்கள் கொத்துக்கொத்தாகச் சாகிற நேரத்தில் எதற்கு அந்தப் பாட்டு? அது இல்லாதிருந்தால், கடைசியில் நாயகி அங்கம்மா குழந்தையோடு வந்து நிற்கும் இடம் இன்னும் கனத்திருக்கும்.