சர்க்கரை நோய் அட்ரினல் சுரப்பியை வற்ற வைக்கிறதா?

கடலூர் வாட்ஸ்அப் குழுக்களில் இப்படி ஒரு செய்தி சுற்றுகிறது: "சர்க்கரை வந்தால் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி வற்றிவிடும், அதனால்தான் அசதி. இன்சுலினை நிறுத்திவிட்டு இந்தப் பொடியைச் சாப்பிடுங்கள்."

தவறு. கட்டுப்பாட்டில் இல்லாத டைப் 2 சர்க்கரையில், அந்தச் சுரப்பி சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் வற்றுவதில்லை. பலருக்குச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். அது கல்லீரலைத் தூண்டிச் சர்க்கரையை இன்னும் ஏற்றும்.

சுரப்பி உண்மையிலேயே பழுதாகும் அடிசன் நோய் அபூர்வம். டைப் 1 உள்ளவர்களுக்கு மட்டும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம், ஏனென்றால் இரண்டிலுமே உடலின் எதிர்ப்பு சக்தி சொந்தச் சுரப்பியைத் தாக்குகிறது. அப்போது சர்க்கரை அடிக்கடி தாழும், எடை குறையும், தோல் கருக்கும். காலை 8 மணி வாக்கில் எடுக்கும் கார்ட்டிசால் ரத்தப் பரிசோதனையில்தான் மருத்துவர்கள் தொடங்குவார்கள்.

அப்புறம் அதே சுரப்பியின் இன்னொரு ஹார்மோன், அட்ரினலின். சர்க்கரை அடிக்கடி தாழ்கிறவர்களுக்கு அதன் சுரப்பு மந்தமாகி, படபடப்பு, வியர்வை என்ற எச்சரிக்கையே வராமல் போகலாம். சில வாரம் தாழாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் திரும்பிவிடும்.

எனக்குப் பெரிய கவலை அந்தப் பொடிதான். அதில் ஸ்டீராய்டு (கார்ட்டிசால் போலவே வேலை செய்யும் மருந்து) கலந்திருந்தால் சர்க்கரை எகிறும், சுரப்பியும் நிஜமாகவே அடங்கிப்போகும். டைப் 1 உள்ளவர் இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்து. தயவுசெய்து நிறுத்தாதீர்கள், அரசு மருத்துவமனையில் இன்சுலின் இலவசம். பொடியை ஏற்கெனவே பல வாரம் சாப்பிட்டிருந்தால், அதையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.