ஓசி இல்லை சார்

அந்த மேடைப் பேச்சு வீடியோவை நேற்றிலிருந்து பதினோரு பேர் அனுப்பிவிட்டீர்கள். பார்த்தாச்சு, போதும். "காலேஜ் ஃபீஸையும் ஓசி ஆக்கிட்டா படிப்புக்கு என்ன மரியாதை?" என்று அவர் கேட்டதும் மண்டபமே கை தட்டுகிறது. பேசியவரை விடுங்கள், அவர் பிழைப்பு அது. அதை எடுத்துப் போட்டு "நெத்தியடி" என்று எழுதினவர் என் நண்பர். எங்க வட சென்னையில், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் என்னோடு வருஷக்கணக்கில் வெயிலில் நின்றவர். அதுதான் வலிக்கிறது.

ஓசி என்ற சொல்லுக்கு ஒரு கதை சொல்வார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளின் தபாலுக்குக் காசு கிடையாதாம், "ஆன் கம்பெனி சர்வீஸ்", அதாவது கம்பெனி வேலை, என்று முத்திரை குத்தினால் போதுமாம். அந்த முத்திரையின் சுருக்கம்தான் ஓசி. கதை உண்மையோ பொய்யோ, அதில் ஓசி வாங்கினது துரை. இன்றைக்கு அந்தப் பேர் மட்டும் எங்களுக்கு.

காலேஜ் ஃபீஸ் எல்லோருக்கும் ரத்தாக வேண்டும். எல்லோருக்கும். "ஏழைக்கு மட்டும் கொடுங்க" என்று தாராளமாகச் சொல்பவர்களுக்கு, அந்த 'மட்டும்' எப்படி இருக்கும் என்று தெரியாது. எனக்குத் தெரியும்.

முதல் பட்டதாரி சலுகை, அதாவது குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் படிக்கப் போகிறவருக்கு ஃபீஸில் தள்ளுபடி, 2010இல் வந்தது. 2012இல் நான் கவுன்சலிங் போனேன். அந்தச் சான்றிதழுக்காக அப்பா மணலி கம்பெனியில் நாலு நாள் கான்ட்ராக்ட் கூலியை விட்டுவிட்டுத் தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தார். வீட்டில் எவனும் பட்டம் படிக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தாத்தா படிக்கவில்லை, அப்பா படிக்கவில்லை, அம்மா படிக்கவில்லை. வரிசையில் நின்று அதைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், மரியாதை எங்கே இருக்கிறது என்று தெரியும்.

எனக்குக் கிடைத்தது. ரெண்டு வருஷம் கழித்துத் தங்கச்சி வந்தாள். என்னைவிடக் கணக்கில் கெட்டிக்காரி. சலுகை குடும்பத்தில் ஒருத்தருக்குத்தான், அண்ணன் வாங்கிட்டானே என்றார்கள். அம்மாவின் கம்மல் அதற்கு முன்பே என் பஸ் ஃபீஸுக்காகச் சேட்டுக் கடைக்குப் போய்விட்டிருந்தது. அவள் பி.காம் சேர்ந்தாள். பி.காம் குறைச்சலா என்று கேட்டு வராதீர்கள். குறைச்சல் இல்லை. அவள் கேட்டது அது இல்லை, அவ்வளவுதான்.

"அதான் மாசம் ஆயிரம் ரூபாய் தர்றாங்களே?" ஆமாம், தருகிறார்கள். காலேஜ் போகிற பெண்பிள்ளைகளுக்கான புதுமைப் பெண் திட்டத்தை 2022இல் நம்ம பாரதி மகளிர் கல்லூரியில் வைத்துத்தான் தொடங்கினார்கள், நல்ல காரியம். 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் இன்ஜினியரிங், மெடிக்கல் போகிற அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஃபீஸை அரசே கட்டுகிறது, அதுவும் நல்லது. ஆனால் கடன் வாங்கிப் பிள்ளையைப் பக்கத்துத் தெரு மெட்ரிக்கில் சேர்த்த ஆட்டோக்காரருக்கு? அவர் செய்த குற்றம் என்ன?

"பணக்காரன் பிள்ளைக்கும் ஃப்ரீயா?" இருக்கட்டுமே! அரசுப் பள்ளியில் யாரிடமும் வருமானம் கேட்டா உட்கார வைக்கிறோம்? "வாத்தியார் சம்பளத்துக்குப் பணம் எங்கே?" நியாயமான கேள்வி. முழுப் பதில் என்னிடம் இல்லை. ஆனால் மேம்பாலம் கட்டும்போது இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டு நான் பார்த்ததில்லை.

பழைய வண்ணாரப்பேட்டையில் கல்லூரிக்குப் பேராக நிற்கிறாரே சர் பிட்டி தியாகராயர், அவர் மாநகராட்சித் தலைவராக இருந்த 1920இல்தான் ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோறு போட ஆரம்பித்தார்கள். சோறு போட்டால் படிப்பின் மரியாதை போய்விடும் என்று இந்த நண்பர் அன்றைக்கு இருந்திருந்தால் நிச்சயம் எழுதியிருப்பார்.

அப்புறம், யார் யாருக்கு ஓசி கொடுக்கிறது? அனல்மின் நிலையம் எங்க பக்கம், சாம்பல் எங்க பக்கம். கொடுங்கையூர் குப்பை மேடு எங்க பக்கம். 2023 டிசம்பர் மழையில் எண்ணெய் மிதந்தது எண்ணூர் கழிமுகத்தில், அடையாற்றில் இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு ஊருக்கே கரண்டும் பெட்ரோலும் கொடுக்கிறோம். சோப்பு வாங்கினாலும் வரி கட்டுகிறோம். எங்கள் பிள்ளை கிளாஸில் உட்கார்ந்தால் மட்டும் ஓசியா?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், தெரிகிறது. திருத்தப் போவதில்லை.

கடைசியாக ஒன்று. அந்த "நெத்தியடி" பதிவுக்கு யார் யார் லைக் போட்டிருக்கிறார்கள் என்று உட்கார்ந்து பார்த்தேன். என் செட்டில் நாலு பேர். அதில் மூணு பேர் முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்க அதே தாலுகா ஆபீஸில் என் பின்னால் நின்றவர்கள். பேர் சொல்ல மாட்டேன். நீங்களே சத்தமில்லாமல் போய் எடுத்துவிடுங்கள்.