அரபு முகம் ஒன்றுதானா?

அரபு அழகு என்றால் சிவந்த நிறம், கூரிய மூக்கு, மை தீட்டிய கண் என்கிற பிம்பத்தை நீங்கள் வெளியிட்ட கட்டுரை கேள்வி கேட்டிருப்பது சரி. ஆனால் அதில் காட்டியிருக்கும் முகங்கள் எல்லாம் பெய்ரூட், துபாய் மாடல்களாகவே இருக்கின்றனவே? அரபு நாடுகளின் கூட்டமைப்பான அரபு லீக்கின் 22 நாடுகளில் சூடான், மௌரித்தானியா, சோமாலியாவும் உண்டு.

நான் ஓமான் தலைநகர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறேன். எங்கள் அலுவலகத்தில் பூவேலை செய்த குமா தொப்பியும் கறுத்த நிறமும் சுருட்டை முடியுமாக ஒருவர். பக்கத்து மேசையில் பலூச்சி (பாகிஸ்தான், ஈரான் பக்கத்து இனம்) வழிவந்த மாநிறக்காரர். இருவரும் ஓமானியர்தான். ஓமானிய வம்சத்து சுல்தானைக் கவிழ்த்த 1964 புரட்சிக்குப் பின், கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான சான்சிபாரிலிருந்து வந்த குடும்பங்கள் சிலவற்றில் இன்னமும் வீட்டுப் பேச்சு சுவாஹிலிதான்.

எகிப்திய நடிகர் அகமது ஸகியைக் குறிப்பிட்டிருக்கலாம். கறுப்பு, சுருட்டை முடி. கதாநாயகன் முகமில்லை என்று ஆரம்பத்தில் ஒதுக்கினார்கள் என்பார்கள். அப்புறம் எகிப்திய அதிபர்களாக இருந்த இருவரின் வேடத்தில், 1996-இல் நாசராகவும் 2001-இல் அன்வர் சதாத்தாகவும், நடித்தது அவர்தான். சதாத்தே கறுத்தவர், தாய்வழியில் சூடான் தொடர்பு உள்ளவர்.

அதே எகிப்தின் தலைநகர் கெய்ரோவில் முகம் வெளுக்கும் கிரீமும் விற்கிறது. அந்த வியாபாரத்தைப் பற்றியும் ஒரு கட்டுரை எழுதுங்கள்.