மை லாய்: அமெரிக்க மக்கள் யார் பக்கம் நின்றார்கள்?

"மை லாய் படுகொலை அம்பலமானதும் அமெரிக்க மக்களே கொதித்தெழுந்து குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பினார்கள்" என்று ஒரு பதிவு சுற்றி வருகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடந்தது வேறு.

வியட்நாம் போரின்போது, 1968 மார்ச் 16 அன்று, தெற்கு வியட்நாமின் மை லாய் கிராமத்தில் அமெரிக்கப் படையினர் முதியவர்களையும் பெண்களையும் குழந்தைகளையும் சுட்டுக் கொன்றார்கள். வியட்நாம் கணக்கில் இறந்தவர்கள் 504 பேர். தண்டனை பெற்றவர் ஒரே ஒருவர், லெப்டினன்ட் வில்லியம் கேலி. 1971இல் ராணுவ நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தபோது மக்கள் கொதித்தது உண்மை. ஆனால் தீர்ப்புக்கு எதிராக! காலப் (Gallup) நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் 79 விழுக்காட்டினர் தீர்ப்பை ஏற்கவில்லை. அன்றைய ஜார்ஜியா மாநில ஆளுநர் ஜிம்மி கார்ட்டர் (ஆம், பின்னாளில் அதிபராகி மனித உரிமை பேசிய அதே கார்ட்டர்தான்) வாகன முகப்பு விளக்குகளை எரியவிட்டுக் கேலிக்கு ஆதரவு காட்டச் சொன்னார். அதிபர் நிக்சன் சில நாட்களிலேயே கேலியைச் சிறையிலிருந்து வீட்டுக்காவலுக்கு மாற்றினார். தண்டனை 20 ஆண்டுகளாகி, பிறகு 10 ஆகி, 1974இல் அவர் வெளியே வந்துவிட்டார்.

ஹெலிகாப்டரைக் கிராமத்தில் இறக்கி, சொந்தப் படையினருக்கும் கிராமத்தவருக்கும் நடுவே நின்று சிலரைக் காப்பாற்றிய விமானி ஹியூ தாம்சனுக்கோ கிடைத்தவை கொலை மிரட்டல்கள். அந்தத் துணிவுக்கு உரிய 'சோல்ஜர்ஸ் மெடல்' என்ற ராணுவப் பதக்கம் 1998இல்தான் வந்தது.