டிவிக்கு எடுத்த படம் என்றால் இளக்காரமா?

கேபிள் டிவிக்காக எடுத்த த்ரில்லர்களை விமர்சகர்கள் சட்டையே செய்வதில்லை என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். முழுக்கச் சரியில்லை. ஜான் டால் இயக்கிய 'தி லாஸ்ட் செடக்‌ஷன்' 1994-இல் முதலில் ஹெச்பிஓ என்ற அமெரிக்கக் கேபிள் சேனலில்தான் ஓடியது, அப்புறம்தான் தியேட்டருக்கு வந்தது. பிரபல அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நாலுக்கு நாலு நட்சத்திரம் கொடுத்தார். நாயகி லிண்டா ஃபியோரென்டினோவை நியூயார்க் விமர்சகர் வட்டம் அந்த ஆண்டின் சிறந்த நடிகையாகத் தேர்ந்தெடுத்தது. ஆனால் ஆஸ்கர் போட்டிக்குள் நுழையவே முடியவில்லை; முதலில் டிவியில் வந்துவிட்ட படத்துக்கு அங்கே இடமில்லையாம். இதில் விமர்சகர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

புருஷன் கொண்டுவந்த போதைமருந்துப் பணத்தோடு கம்பி நீட்டுகிறாள் நாயகி. ஒளியப்போன சின்ன ஊரில் அவள் வைத்துக்கொள்ளும் பெயர் வெண்டி க்ராய் (Wendy Kroy). நியூயார்க்கின் ஆங்கில எழுத்துகளைப் பின்னாலிருந்து கோத்துப் பாருங்கள், புரியும். அந்தத் தலைகீழ் எழுத்துப் பழக்கத்தை வைத்தே புருஷன் மோப்பம் பிடிப்பான். பாட்டி சுட்டு வைத்த 'பை' (pie) பலகாரத்தில் சிகரெட்டை அணைப்பாளே, அந்த ஒரு ஷாட் போதும், ஆள் எப்படிப்பட்டவள் என்று தெரிந்துவிடும். அவளிடம் மாட்டிக்கொள்ளும் உள்ளூர்ப் பையன்தான் கொஞ்சம் ஓவர் அப்பாவி. எனக்கு அது மட்டும் உறுத்தியது.