பேஸ்மெண்ட் தம்பியும் மிட்ச் மார்னரும்

2025 ஜூன் 30, திங்கட்கிழமை பின்னேரம். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு வீட்டுக் கராஜ். கார் நிற்க வேண்டிய இடத்தில் இரண்டு பிளாஸ்டிக் கதிரை, ஒரு பழைய ஃபிரிட்ஜ், பனி அள்ளும் சவள், சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட ஒரு நீலச் சட்டை. சட்டையின் முதுகில் 71 என்று எண். அதற்கு மேலே பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிற டேப். வீட்டுக்காரர் சிவம் அண்ணை, ரொறன்ரோவின் ஐஸ் ஹொக்கி அணியான மேப்பிள் லீஃப்ஸில் மிட்ச் மார்னர் போடும் 16ஆம் நம்பர் சட்டையைப் போட்டுக்கொண்டு, போனை முகத்துக்கு நேரே பிடித்தபடி இருக்கிறார். பேஸ்மெண்டில் குடியிருக்கும் தயா இரண்டு டிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பியோடு வருகிறான்.

சிவம்: வா தம்பி, இரு. நாளைக்கு மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கதவு திறக்கப் போகிறது.

தயா: பேஸ்மெண்ட் கதவா அண்ணை? அது மாசி மாதமே இறுகிப் போய்விட்டது. மூன்று தரம் சொன்னேன்.

சிவம்: விசர்க்கதை கதையாதே. ஃப்ரீ ஏஜென்சிக் கதவு! ஏழு சீசன் ஆடியவன், இல்லாட்டி 27 வயது ஆனவன், கொன்ட்ராக்ட் முடிந்தால் ஆள் விடுதலை. ஜூலை முதலாம் திகதியில் இருந்து 32 டீமில் எதற்கும் போகலாம். என்ரை மார்னருக்கு இன்றைக்குத்தான் கடைசி நாள். விடிய எழும்பினதில் இருந்து நெஞ்சு படபடக்கிறது.

தயா: உங்கடை மார்னர் என்று மார்னருக்குத் தெரியுமா?

சிவம்: எங்கடை சனம் நிறைந்த பக்கத்து ஊர் மார்க்கமில் பிறந்த பிள்ளையடா. மார்க்கமில் பிறந்தால் அரைவாசி எங்கடை ஆள்தானே. சொந்தப் பிள்ளையை வேறு ஊருக்கு விடலாமா? என்ன கேட்டாலும் குடுத்து வைத்திருக்க வேணும். போன சீசனில் மட்டும் 102 புள்ளி!

தயா: அது சீசனில். மே 18ஆம் திகதி, பிளேஆஃப் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம், சொந்த ஊரில், புளோரிடாவிடம் 6–1. அன்றைக்கு நான் டிவி போடவே இல்லை அண்ணை. நீங்கள் மேலே இருந்து காலால் உதைத்தது என் தலைக்கு மேலே கேட்டது. ஆறு உதை. எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன்.

சிவம்: எங்களுக்கு ஒன்று விழுந்ததற்குக் கையும் தட்டினேனே.

தயா: அதுவும் கேட்டது. பாவமாக இருந்தது.

(சிவம் அண்ணை கோப்பி மூடியைத் திறந்து ஊதுகிறார். ஆறிய கோப்பியையும் ஊதித்தான் குடிப்பார்.)

தயா: கணக்காகப் பாருங்கோ. போன சீசனில் ஒரு டீமின் சம்பள உச்சவரம்பு, அதுதான் கேப், 88 மில்லியன். அதில் மத்யூஸுக்கு 13.25, நைலண்டருக்கு 11.5, டவாரஸுக்கு 11, மார்னருக்கு 10.9. நாலு பேருக்கே பாதிக்கு மேலே முடிந்துவிட்டது. மிச்சம் பத்தொன்பது பேர் மிச்சக் காசைப் பங்குபோட வேணும். கலியாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் நாலு பேர் கறியை முடித்துவிட்டு, பந்திக்குச் சொதி மட்டும் போன மாதிரி.

சிவம்: நல்ல சொதி என்றால் என்ன குறை?

தயா: சொதியோடு புளோரிடாவை வெல்ல முடியாது அண்ணை. சொந்தப் பிள்ளை, சொந்தப் பிள்ளை என்று 2013இல் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வந்தார்களே. அந்தச் சட்டையைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கோ.

சிவம்: (திரும்பாமல்) அது கராஜுக்குள் காற்று வராமல் இருக்கத் தொங்கவிட்டது.

தயா: டேவிட் கிளார்க்சன். ரொறன்ரோவில் பிறந்தவர். நியூ ஜெர்சியில் ஒரு சீசனில் 30 கோல் போட்டார் என்று ஏழு வருஷத்துக்கு 36.75 மில்லியன் எழுதிக் குடுத்தார்கள். இங்கே முதல் சீசனில் போட்டது ஐந்து.

சிவம்: அந்த ஐந்தில் இரண்டு வடிவான கோல்.

தயா: 2015இல் கொலம்பஸுக்குத் தள்ளிவிட்டார்கள். பதிலுக்கு வந்தவர் முதுகு நோவால் ஒரு நாளும் ஆட முடியாத ஹோர்ட்டன்.

சிவம்: (கோப்பிக் கோப்பையைப் பார்த்து) இந்த ஹோர்ட்டனா?

தயா: இல்லை, அவர் நேதன் ஹோர்ட்டன். இந்தக் கோப்பிக் கடையைத் தொடங்கிய டிம் ஹோர்ட்டன் 1967இல் லீஃப்ஸ் கடைசியாக ஸ்டான்லி கப், அதுதான் லீக்கின் வெற்றிக் கிண்ணம், எடுத்தபோது ஆடியவர். அதற்குப் பிறகு கப் என்றால் எங்களுக்குக் கோப்பிக் கப்தான்.

சிவம்: பகிடி போதும்.

தயா: இன்னும் இருக்கிறது. 2019இல் கிளார்க்சனின் கொன்ட்ராக்டைத் திரும்ப வாங்கினார்கள். ஆள் காயத்தால் ஆடுவதே இல்லை. நீண்டநாள் காயப் பட்டியலில் அவரைப் போட்டுவிட்டு, அந்தச் சம்பளத்தைக் காட்டிக் கேப்பைத் தாண்டிச் செலவழிக்கலாம் என்று ஒரு கணக்கு. அதே வருஷம் செப்டம்பரில்தான் உங்கடை மார்னர் ஆறு வருஷத்துக்குக் கையெழுத்து வைத்தார்.

சிவம்: அப்ப நான் டேப் ஒட்டின ஆளால்தான் மார்னருக்கு இடம் வந்ததா?

தயா: அவருக்கும் அதில் ஒரு பங்கு.

சிவம்: (முதல்தரம் சட்டையை நிமிர்ந்து பார்த்து) பாவம் பிள்ளை. ஒரு ஓரத்தையாவது உரித்துவிடலாம்.

தயா: நீளமாக எழுதிக் குடுத்தாலே ஆபத்துத்தான். நியூ யோர்க் ஐலண்டர்ஸ், 2006இல், டிபியெட்ரோ என்ற கோல்காவலருக்குப் பதினைந்து வருஷத்துக்கு எழுதிக் குடுத்தது. 67.5 மில்லியன். அவர் காயம், சத்திரசிகிச்சை, காயம் என்று போக, 2013இல் கொன்ட்ராக்டைக் காசு குடுத்து முறித்தார்கள். அந்தக் காசு இன்னும் முடியவில்லை. 2029 வரைக்கும் வருஷத்துக்கு ஒன்றரை மில்லியன் போய்க்கொண்டிருக்கும்.

சிவம்: வீட்டில் இருக்க ஒன்றரை மில்லியனா? என்ரை சீட்டுக்காரன் கழிவு போக வருஷத்துக்கு நானூறு டொலர் தருகிறான், அதற்கும் நான் அவன்ரை வீட்டுக்கு மூன்று தரம் போக வேணும்.

தயா: இப்படியான நீண்ட கொன்ட்ராக்டுகளால்தான் இப்போது எட்டு வருஷத்துக்கு மேலே எழுதக்கூடாது என்று விதி. எட்டும் சொந்த டீம் குடுத்தால் மட்டும். வெளியில் இருந்து கூப்பிடுகிறவன் ஏழுதான் குடுக்கலாம்.

சிவம்: பார்த்தாயா! எங்களால்தான் எட்டுக் குடுக்க முடியும். பிள்ளை அதை யோசிக்கும்.

தயா: பிள்ளை வரியையும் யோசிக்கும். இங்கே உச்சத்தில் பாதிக்கு மேலே வரி. நெவாடா, புளோரிடா பக்கம் மாநில வருமான வரியே இல்லை. விடுங்கோ அண்ணை. விலை பொருந்தாவிட்டால் போகட்டும். இது வியாபாரம். பாசம் வேறு, பட்ஜெட் வேறு.

(இந்தக் கடைசி வாக்கியத்தைத் தயா சொல்லியிருக்கக் கூடாது. சிவம் அண்ணை போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தொண்டையைச் செருமுகிறார்.)

சிவம்: தயாபரன்.

தயா: என்ன அண்ணை, முழுப்பெயர்?

சிவம்: உம்முடைய லீஸும் இன்றைக்குத்தானே முடிகிறது.

தயா: "நீ" போய் "உம்முடைய" வந்துவிட்டது. காசுக் கதை வருகிறது.

சிவம்: நீர் சொன்ன மாதிரி, இது வியாபாரம். கேப் வருகிற சீசனுக்கு 88இல் இருந்து 95.5க்கு ஏறிவிட்டது. எட்டரை வீதம். நீர் தருவது 1,400. அதே எட்டரை வீதம் போட்டால் 1,519. சில்லறை வேண்டாம், 1,520.

தயா: ஒன்ராறியோவிலும் கேப் இருக்கிறது அண்ணை. இந்த வருஷம் வாடகை கூட்டக்கூடியது இரண்டரை வீதம். 35 டொலர். அதுவும் 90 நாளுக்கு முதலே எழுத்தில் தர வேணும். இன்றைக்குத் தந்தால் ஒக்டோபருக்குத்தான் செல்லும்.

சிவம்: (அவமானப்பட்டவர் போல) ஆறு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்துவிட்டுச் சட்டம் கதைக்கிறீர். சரி, லீஸ் முடிந்தால் நீர் ஃப்ரீ ஏஜென்ட். நான் வேறு ஆளைப் பார்க்கிறேன்.

தயா: லீஸ் முடிந்தால் நான் போக வேண்டியதில்லை. மாதத்துக்கு மாதம் தானாகவே தொடரும். எனக்கு நோ-மூவ்மெண்ட் கிளாஸ் இருக்கிறது.

சிவம்: அது மார்னருக்குத்தானே இருந்தது! அவர் சம்மதம் இல்லாமல் வேறு டீமுக்கு அனுப்ப முடியாது என்று. உமக்கு யார் எழுதித் தந்தது?

தயா: ஒன்ராறியோ அரசாங்கம்.

சிவம்: டவாரஸைப் பாரும். சின்ன வயதில் லீஃப்ஸ் படம் போட்ட விரிப்பில் படுத்த பிள்ளை. போன ஏழு வருஷம் பதினொரு மில்லியன் எடுத்தவர், 34 வயதில், மூன்று நாளுக்கு முன்னம், 4.38க்கு நாலு வருஷம் கையெழுத்து வைத்தார். போன சீசனில் 38 கோல் போட்டவர்! அதற்குப் பெயர்தான் பாசம். நீரும் ஒரு விட்டுக்குடுப்பு...

தயா: அண்ணை, டவாரஸ் காசு வாங்குகிறவர், நான் குடுக்கிறவன். அவர் மாதிரிக் குறைக்க வேணும் என்றால் என் வாடகை 560க்கு வர வேணும்.

சிவம்: (விரலால் கணக்குப் பார்த்து) அது பிழையான உதாரணம். விடும்.

தயா: சற்று முன்னம்தானே சொன்னீர்கள், சொந்தப் பிள்ளையை விடக்கூடாது, என்ன கேட்டாலும் குடுத்து வைத்திருக்க வேணும் என்று? ஆறு வருஷம் அண்ணை. பாசம் இல்லையா?

சிவம்: நீர் சொன்னீரே, பாசம் வேறு, பட்ஜெட் வேறு என்று?

(இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. வெளியே யாரோ ஒரு நாள் முந்தியே கனடா தின வெடியைக் கொளுத்துகிறார்கள்.)

சிவம்: மார்னர் 102 புள்ளி. உம்முடைய புள்ளி என்ன?

தயா: போன பனிக்கு உங்கள் டிரைவ்வேயை நான் அள்ளியது பதினேழு தரம். நீங்கள் அள்ளியது ஒரு தரம், அதுவும் படம் எடுத்து ஊருக்கு அனுப்ப. குப்பைத் தொட்டி வாராவாரம். அக்காவைக் கோயிலுக்குக் கொண்டுபோவது மாதம் இரண்டு தரம். உங்கள் வைஃபை நின்றால் மேலே இருந்து நிலத்தில் இரண்டு தட்டு, நான் ஓடி வர வேணும்.

சிவம்: அது அசிஸ்ட், மற்றவன் கோல் போட உதவுகிறது. கோல் இல்லை.

தயா: மார்னரின் 102இல் 75 அசிஸ்ட்தான்.

(சிவம் அண்ணை வாயைத் திறக்கிறார், மூடுகிறார். கொஞ்சம் இறங்குகிறார்.)

சிவம்: என்ரை கையில் ஒன்றும் இல்லை தம்பி. ஜெனரல் மனேஜர் மேலே இருக்கிறா. 1,500க்குக் குறைய இறங்காதீர் என்று சொல்லித்தான் கோப்பி குடிக்க விட்டவ.

தயா: 1,435. ஒக்டோபரில் இருந்து. கதவும் திருத்த வேணும்.

சிவம்: 1,490. கதவை நீர் திருத்தும்.

(கவிழ்த்து வைத்த போன் கதிரையில் நடுங்குகிறது. சிவம் அண்ணை பாய்ந்து எடுக்கிறார். கண்ணாடி மேலே வீட்டில் இருக்கிறது. போனைக் கை நீட்டித் தூரப் பிடித்து, எழுத்துக் கூட்டி வாசிக்கிறார்.)

சிவம்: மார்னர்... எட்டு வருஷம்... வருஷத்துக்குப் பன்னிரண்டு மில்லியன்... தம்பி! எட்டு வருஷம்!

தயா: எட்டா?

சிவம்: எட்டு என்றால் சொந்த டீம்! நீதானே சொன்னாய், வெளியில் இருந்தவன் ஏழுதான் குடுக்கலாம் என்று! பிள்ளை நின்றுவிட்டான்! (கதிரையை விட்டு எழும்பி) எங்கடை மார்க்கம் பிள்ளை!

தயா: அண்ணை, "நீ" திரும்ப வந்துவிட்டது.

சிவம்: போடா, என்ன வாடகை, என்ன கூட்டல்! 1,400தான், ஒரு சதம் கூடத் தேவையில்லை. இன்னும் ஒரு வருஷம். அந்த ரசீதை எடு, எழுது! கதவும் நான் திருத்துகிறேன். எழுது என்றேன்!

(தயா டிம் ஹோர்ட்டன்ஸ் ரசீதின் பின்பக்கத்தில், ஃபிரிட்ஜுக்கு மேலே வைத்து, வேகமாக எழுதுகிறான். சிவம் அண்ணை நின்றபடியே கையெழுத்து வைக்கிறார். தயா ரசீதை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுப் பையைத் தட்டிப் பார்த்த பிறகுதான் போனை வாங்கி, விரலால் கீழே தள்ளுகிறான்.)

தயா: அண்ணை, இருங்கோ.

சிவம்: என்ன?

தயா: கதிரையில் இருங்கோ என்றேன்.

(இருக்கிறார்.)

தயா: கையெழுத்து வைத்தது லீஃப்ஸோடுதான். எட்டு வருஷம், 96 மில்லியன். வைத்த கையோடு ஆளை வேகாஸுக்குக் குடுத்துவிட்டார்கள். எட்டாவது வருஷம் கிடைக்கவேணும் என்று இங்கே கையெழுத்து, ஆட்டம் அங்கே.

சிவம்: லாஸ் வேகாஸா? பாலைவனத்தில் எங்கே பனிக்கட்டி?

தயா: அதுவும் வரி இல்லாத பாலைவனம்.

சிவம்: (கொஞ்ச நேரம் கழித்து) அந்த ரசீதைக் கொஞ்சம் தா, ஒரு எழுத்துப் பிழை விட்டேன்.

தயா: அதில் இப்போது நோ-மூவ்மெண்ட் கிளாஸ்.

சிவம்: ஜெனரல் மனேஜருக்கு நான் என்ன சொல்லுவேன்?

தயா: சம்பளக் கேப்பில் இடம் மிச்சம் என்று சொல்லுங்கோ.

(சிவம் அண்ணை எழும்பி 16ஆம் நம்பர் சட்டையைத் தலைவழியே மெதுவாகக் கழற்றுகிறார். உள்ளே பனியன். 71ஆம் நம்பருக்குப் பக்கத்தில் இன்னொரு ஆணி ஏற்கெனவே அடித்துத்தான் இருக்கிறது. எப்போது அடித்தார் என்று தயா கேட்கவில்லை.)

சிவம்: பதிலுக்கு ஆரும் வருகிறார்களா?

தயா: நிக்கோலா ரோய் என்று ஒருத்தர்.

சிவம்: (மேசை லாச்சிக்குள் டேப்பைத் துழாவியபடி) ரோய். இங்கிலீஷில் எத்தனை எழுத்து?

தயா: மூன்று.

சிவம்: நல்லது. அவ்வளவு டேப் செலவாகாது.